களைப்புக்குக் காரணம் கழுத்தில் இருக்கலாம்!

காலையில் கண் விழிக்கும்போதே, அன்றைய வேலை முழுவதையும் முடித்துவிட்டவர் போல அலுப்பாக இருக்கிறதா? சாப்பாட்டைக் குறைத்தும் எடை ஏறுகிறதா? சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருகிறதா? மலச்சிக்கல், வறண்ட சருமம், மாதவிலக்கில் அதிகப் போக்கு, வைத்த சாமான் வைத்த இடம் மறந்து போவது - இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்து, மாதக்கணக்கில் போகாமல் இருக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

அரியலூர் ஜில்லாவில் ஆலத்தியூர் என்று ஓர் ஊர். சிமெண்டு ஆலைக்குப் பெயர் போனது. சித்திரை வெயிலைப் பற்றி அந்தப் பக்கத்தாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கே ஒரு குடும்பத் தலைவி, உச்சி வேளையில் மின்விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போர்வையைத் தேடுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். வீட்டில் என்ன சொல்வார்கள்? "வயசாகிறதோ இல்லையோ?" என்பார் ஒருவர். "ரத்தம் போதவில்லை, முருங்கைக் கீரை சாப்பிடு" என்பார் இன்னொருவர். "எல்லாம் மனசுதான் காரணம்" என்று தீர்ப்புச் சொல்லவும் ஓர் ஆள் இருப்பார். கழுத்தைப் பற்றி மட்டும் யாருக்கும் நினைவு வராது!

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது தைராய்டு சுரப்பி. உடம்பு என்னும் அடுப்பு எந்த வேகத்தில் எரிய வேண்டும் என்று நிர்ணயிப்பது அதுதான். அது சுரக்கும் முக்கியமான பொருளுக்கு டி-4 என்று பெயர். அது குறைந்தால் அடுப்பு மந்தமாகும். மற்றதெல்லாம் தானே வரும்.

மாமியாரின் குரல்

தைராய்டுக்கு மேலே, மூளையின் அடியில், பிட்யூட்டரி என்று ஒரு மேற்பார்வைக்காரி உண்டு. மாமியார்கள் கோபித்துக் கொள்ளாமல் இருந்தால் ஓர் உதாரணம் சொல்கிறேன். சமையலறையில் மருமகளின் கை மந்தமானால், கூடத்தில் மாமியாரின் குரல் உயரும் அல்லவா? அதே போலத்தான். தைராய்டு மந்தமானால் பிட்யூட்டரி அதட்டுகிறது. அந்த அதட்டலுக்குப் பெயர்தான் டி.எஸ்.எச். ரத்தத்தில் அது உயர்ந்திருந்தால், தைராய்டு வேலை செய்யத் திணறுகிறது என்று அர்த்தம்.

இந்த அதட்டலை அளக்க முடிந்தது ஒரு பெண்மணியால். முன்னாளில் நோயாளியைக் காலையில் வெறும் வயிற்றோடு படுக்க வைத்து, மூக்கை அடைத்து, குழாய் வழியே மூச்சு விடச் செய்து, எவ்வளவு பிராணவாயு செலவாகிறது என்று கணக்கெடுத்துத்தான் தைராய்டின் நிலையை ஊகித்தார்கள். நியூயார்க்கில் ரோசலின் யாலோ என்ற பௌதிக விஞ்ஞானி, சாலமன் பெர்சன் என்ற டாக்டருடன் சேர்ந்து, ரத்தத்தில் அணுவளவே இருக்கும் சுரப்புகளையும் அளக்கும் முறையை 1950-களில் கண்டுபிடித்தார். அதற்காக 1977-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று ஒரு சிறு குழாய் ரத்தத்தில் விஷயம் தெரிந்து விடுவது அந்த வழியில் வந்த வசதிதான்.

இது அபூர்வ வியாதியும் அல்ல. சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களைச் சோதித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குத் தைராய்டு மந்தம் இருந்தது. பெண்களே அதிகம். அந்தப் பதினொருவரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு, சோதிக்கும் வரை அது இருப்பதே தெரியாது!

சோதனையும் சரியாக இருக்க வேண்டும்

"சோதித்தாயிற்று, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள்" என்கிறீர்களா? எதைச் சோதித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்று பாருங்கள்.

டி.எஸ்.எச். மட்டும் பார்த்தால் பெரும்பாலோருக்குப் போதும், எல்லோருக்கும் போதாது. மாமியாருக்கே தொண்டை கட்டிக் கொண்டால்? குரல் உயராது, சமையலும் ஆகாது! பிரசவத்தில் அளவு மீறி ரத்தம் போன சிலருக்குப் பிட்யூட்டரியே பழுதாகி விடுவதுண்டு. தாய்ப்பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல், களைப்பு மட்டும் நிற்கும். இவர்களுக்கு டி.எஸ்.எச். நார்மலாகவே தோன்றலாம். 'ஃப்ரீ டி-4' என்ற சோதனையையும் சேர்த்துச் செய்தால்தான் குட்டு வெளிப்படும். பழைய பிரசவக் கதைதானே என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

டி.எஸ்.எச். சற்றே உயர்ந்திருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்பது வழக்கம். உடம்பின் காவல் சேனையே தைராய்டைத் தாக்குகிறதா என்று அறிய 'ஆன்டி டி.பி.ஓ.' என்ற சோதனை உதவும். நம்மவர்களிடம் தைராய்டு மந்தத்துக்கு அதுவும் ஒரு முக்கிய காரணம்.

டி.எஸ்.எச். இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். ஆகவே ஒவ்வொரு முறையும் காலையிலேயே ரத்தம் கொடுங்கள். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ரத்தம் கொடுத்த பிறகு அன்றைய மாத்திரையைப் போட்டுக் கொள்ளலாம். இன்னொரு முக்கியமான விஷயம்: முடி உதிர்கிறதே என்று 'பயோட்டின்' மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது சில சோதனைகளின் கணக்கைப் புரட்டி விடும். டாக்டரிடம் சொல்லி, இரண்டு நாளாவது நிறுத்திவிட்டு ரத்தம் கொடுங்கள்.

ஆனால் களைப்பெல்லாம் தைராய்டு அல்ல. ரத்த சோகை, சர்க்கரை, பி-12 குறைவு, தூக்கக் கேடு, மனச்சோர்வு - எதுவும் இதே வேஷம் போடும். அவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தார் சாப்பிடும் மாத்திரையை வாங்கி விழுங்குவது மட்டும் கூடவே கூடாது. அளவு மிஞ்சினால் இருதயம் படபடக்கும், எலும்பு தேயும்.

காபி காத்திருக்கட்டும்

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிடுங்கள். காபிக்கு அரைமணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். சிரமந்தான்! ஆனால் காபியோடு சேர்ந்தால் மருந்து சரியாக ரத்தத்தில் ஏறாது. இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே மறு சோதனை. அதற்குள் ரத்தம் எடுப்பது வேகாத சோற்றைப் பதம் பார்ப்பது போலத்தான்.

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். உடனே டாக்டரைப் பாருங்கள். பெரும்பாலும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டை நம்பியே நடக்கிறது.

ஆலத்தியூரிலிருந்து இதற்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. அரியலூரிலேயே 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறார்கள். போகும்போது ஒரு காகிதத்தில் உங்கள் தொந்தரவுகளை, எப்போது தொடங்கியது என்ற விவரத்தோடு எழுதிக் கொண்டு போங்கள். திரும்பும்போது 'நார்மல்' என்ற ஒரு வார்த்தையோடு வராதீர்கள். எண்களோடு கூடிய ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். பால் கணக்குக்கும் மளிகைக் கணக்குக்கும் நோட்டுப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதில் கடைசிப் பக்கத்தை உங்கள் உடம்புக்கென்று ஒதுக்கக் கூடாதா?