வயலுக்கு நடுவே ஊர்ப் பாதை

இங்கிலாந்தில் ஒரு விவசாயி தன் சொந்த நிலத்தை உழுகிறார். நிலத்தின் குறுக்கே பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. சுற்றி உழ வசதி இல்லையென்றால் பாதையையும் சேர்த்தே உழுதுகொள்ளலாம். ஆனால், விதைப்புக்காக மண்ணைக் கிளறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் அதைச் சமப்படுத்தி, கண்ணுக்குத் தெரியும்படி திரும்பவும் அமைத்துக் கொடுத்துவிட வேண்டும். குறைந்தது 1 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். பயிர் வளர்ந்து பாதையை மூடினால் அதை நீக்குவதும் அவர் பொறுப்பு. வரப்போரம் போகும் பாதை என்றால் ஏர் படவே கூடாது. செய்யாமல் விட்டால் உள்ளாட்சி நிர்வாகம் ஆள் வைத்துச் செய்துவிட்டு, செலவை அவரிடமே வசூலிக்கும்.

அந்தப் பாதையில் நடப்பவர்கள் ஊர்க்காரர்கள் மட்டுமல்ல. முதுகில் பையை மாட்டிக்கொண்டு நகரத்திலிருந்து வரும் யாரும் நடக்கலாம். அனுமதி கேட்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து இப்படிப்பட்ட பொது வழிகள் சுமார் 2,25,000 கிலோமீட்டர். நம் ஊர் புலப்படத்தில் வண்டிப்பாதை குறித்திருப்பதுபோல, அங்கே இந்தப் பாதைகளை அதிகாரப்பூர்வ வரைபடத்தில் குறித்துவைக்க 1949-ல் சட்டம் வந்தது. வரப்புத் தகராறில் தலைமுறைக் கணக்கில் பேசாமல் இருக்கும் பங்காளிகளைப் பார்த்த நமக்கு, இவ்வளவு தூரம் அடுத்தவர் நிலத்தில் ஜனங்கள் நடந்து போகிறார்கள் என்பதே வியப்புதான்.

இதெல்லாம் சுமுகமாக வந்ததல்ல. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அதில் உயரமான இடம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். ஒரு காலத்தில் மேய்ச்சல் புறம்போக்காகக் கிடந்த மேட்டுநிலங்கள் 19-ஆம் நூற்றாண்டில் தனியார் கைக்குப் போய்விட்டன. செல்வந்தர்கள் அங்கே கிரவுஸ் என்ற, கௌதாரி இனப் பறவையை வேட்டையாடினார்கள். காவலாள் போட்டு மற்றவர்களை விரட்டினார்கள். 1932 ஏப்ரல் 24-ல் ஆலைத் தொழிலாளர்களும் இளைஞர்களுமாகச் சுமார் 400 பேர் ஹேஃபீல்டு ஊரிலிருந்து தடையை மீறி கிண்டர் மீது ஏறினார்கள். முன்னின்று நடத்தியவர் பென்னி ராத்மன், அப்போது 20 வயது. காவலாட்களோடு கைகலப்பு ஆனது. ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். அதே பீக் டிஸ்ட்ரிக்ட்தான் 1951-ல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. தேசியப் பூங்கா என்றதும் விவசாயிகளை வெளியேற்றியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நிலம் நிலக்காரரிடமேதான் இருக்கிறது. ஆடு மேய்கிறது, மாடு கறக்கிறது.

1965-ல் திறந்த பென்னைன் வே நடைபாதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்து எல்லைக்கு அப்பால் இருக்கும் ஒரு கிராமம் வரை 431 கிலோமீட்டர். முழுவதும் நடக்க மூன்று வாரம் வரை பிடிக்கும். முதல் நாள் நடையில் மட்டுமே மூன்று விதமான நிலத்தைப் பார்த்துவிடலாம்.

புறப்படும் ஊர் ஈடேல். ஆற்றுப் பள்ளத்தாக்கில், காரை பூசாமல் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்களுக்குள் சின்னச் சின்ன மேய்ச்சல் காடுகளும், குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கும் வயல்களும். மதில் வரும் இடத்தில் ஏறி இறங்க மரப்படி அல்லது ஓர் ஆள் மட்டும் நுழையும் வாயில் வைத்திருப்பார்கள், மாடு தாண்டாது. செங்குத்தான ஓடைச் சரிவுகளில் கருவாலி மரங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆட்டுக்கு எட்டாததால் தப்பியவை. பக்கத்து டெர்வென்ட் பள்ளத்தாக்கில் அணைகளைச் சுற்றி ஊசியிலைக் காடுகள் வளர்த்திருக்கிறார்கள். அந்த அணைகளில் கடைசியாகக் கட்டிய லேடிபவருக்காக இரண்டு கிராமங்களைத் தண்ணீருக்குள் விட்டார்கள்.

ஈடேலிலிருந்து மேலே போக ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படி ஏற்றம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே பண்ணை வைத்திருந்த ஜேக்கப் மார்ஷல், பொதிக்குதிரையைச் சுற்றுவழியில் விட்டுவிட்டு, தான் குறுக்கே ஏறுவதற்காக வெட்டிய படி என்று சொல்வார்கள். ஏறி முடித்தால் மரமே இல்லாத மேட்டுநிலம். ஆங்கிலத்தில் இதை மூர் என்கிறார்கள். ஹெதர் என்ற குறுஞ்செடி, பருத்திபோல் வெள்ளைப் பஞ்சு விடும் ஒரு கோரை, அடியில் கறுப்பு மண். மேட்டின் விளிம்பிலிருந்து சுமார் 30 மீட்டர் விழும் அருவி ஒன்றும் உண்டு. எதிர்க்காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கீழே விழாமல் மேல்நோக்கிப் பறக்கும்.

அந்தக் கறுப்பு மண் நம் விவசாயிகள் கவனிக்க வேண்டிய சங்கதி. தென்னை நார்க்கழிவை 'கோகோ பீட்' என்று நாற்றங்கால்காரர்கள் சொல்கிறார்களே, அந்தப் பீட் இதுதான். நீர் தேங்கிய குளிர்ந்த இடத்தில் செடிகள் முழுதாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண். ஆண்டுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். சில மீட்டர் ஆழம் சேர ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகியிருக்கும். இதை உண்டாக்குவது ஸ்பேக்னம் என்ற பாசி. தன் எடையைப்போல் 20 மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

மான்செஸ்டர் ஆலைகளின் புகை அமில மழையாக இறங்கி அந்தப் பாசியைக் கொன்றது. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்தன. காட்டுத்தீ வந்தது. இதோடு ஆயிரக்கணக்கான பூட்ஸ் கால்களும் சேர்ந்தன. சேற்றுக்குப் பயந்து ஒவ்வொருவரும் ஓரமாக நடக்க, ஒற்றையடிப் பாதை பல மீட்டர் அகலச் சகதியாக விரிந்தது. மேல்மண் ஓடையில் இறங்கி, குடிநீர் அணைகளின் தண்ணீர் பழுப்பானது.

சரிசெய்த விதம் எந்த வேளாண் அலுவலருக்கும் பிடிக்கும். பழைய பஞ்சாலைகள் இடிந்தபோது கிடைத்த தளக் கற்களை ஹெலிகாப்டரில் கொண்டுவந்து சகதியின் மேல் வரிசையாகப் பரப்பினார்கள். நடப்பவர் கல்லை விட்டு இறங்குவதில்லை. இருபுறமும் பச்சை திரும்பிவிட்டது. வெறும் மண்ணாகக் கிடந்த இடங்களில் புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பு போட்டு, உரமும் புல் விதையும் தூவி, மேலே வெட்டிய ஹெதர் தழையை மூடாக்காகப் பரப்பினார்கள். புல் வேர்விட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ள, பின்னால் ஹெதரும் பாசியும் வந்தன. அரிப்பு ஓடைகளுக்குக் கல்லாலும் மரத்தாலும் சிறு தடுப்புகள். ஆட்டு எண்ணிக்கையைக் குறைத்த விவசாயிகளுக்கு அரசு ஈட்டுத்தொகை கொடுத்தது. மண் தேறினால் தங்களுக்கும் லாபம் என்பதால் குடிநீர் நிறுவனங்களும் செலவில் பங்கெடுத்தன. இன்னும் பயம் தீயைப் பற்றித்தான். 2018 கோடையில் மான்செஸ்டருக்குக் கிழக்கே சேடில்வொர்த் மூரில் பிடித்த தீயை அணைக்க ராணுவமே வந்தது. பீட் மண்ணுக்குள் கங்கு இறங்கிவிட்டால் மேலே அணைந்ததுபோல் இருக்கும். உள்ளே நாள்கணக்கில் புகையும்.

சரி, விவசாயிக்கு இதில் என்ன கிடைக்கிறது? நடப்பவர் தரும் காசு தேநீர்க் கடைக்கும் தங்கும் விடுதிக்கும் போகிறது. வீட்டில் இரண்டு அறை ஒதுக்கிப் படுக்கையும் காலை உணவும் கொடுக்கும் பண்ணைக் குடும்பங்களும், கூடாரம் போட வயலை வாடகைக்கு விடுபவர்களும் சம்பாதிக்கிறார்கள். பாதையின் நடுவழியில் நிலம் வைத்திருப்பவருக்கு வாயிலைப் பழுதுபார்க்கும் செலவுதான் மிச்சம். அதில் கால் பங்காவது உள்ளாட்சி நிர்வாகம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மீதி முக்கால் பங்கு நிலக்காரர் தலையில். நியாயமான பங்கீடு என்று இதைச் சொல்ல முடியாது.

பெரிய தலைவலி நாய். சினை ஆட்டை நாய் துரத்தினால், கடிக்காமலே குட்டி வீசிவிடும். வேலி இல்லாத மூர் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில் பிடிக்க வேண்டும். கால்நடை நிற்கும் இடத்தில் வருடம் முழுவதும் அப்படியே. நாய்க் கழிவு வழியாக நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி மேய்ச்சல் நிலத்தில் பரவி மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்குகிறது. நடப்பவருக்கும் ஆபத்து உண்டு. கன்றோடு நிற்கும் மாடுகள், நாயோடு வருபவரை மிதித்துக் கொன்றிருக்கின்றன. மாடு துரத்தினால் நாயை அவிழ்த்துவிட்டு விலகிப் போகச் சொல்லித்தருகிறார்கள். பாதை போகும் வயலில் ஜெர்சி, ஃபிரீசியன் போன்ற கறவை இனக் காளையை, 10 மாத வயதுக்கு மேல் இருந்தால், விடவே கூடாது. இறைச்சி இனக் காளை பசுக்களோடு நின்றால் விடலாம். கறவை இனக் காளையின் குணம் தெரிந்து போட்ட சட்டம்.

2001-ல் கோமாரி நோய் வந்தபோதுதான் பாதையின் மதிப்பு எல்லோருக்கும் புரிந்தது. அந்த வருடம் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நோய் பரவாமலிருக்க நாடெங்கும் நடைபாதைகளை மூடினார்கள். நோயே வராத ஊர்களிலும் விடுதிகள் காலி. பண்ணை வருமானமும் அறை வாடகையும் ஒரே நேரத்தில் நின்றுபோன குடும்பங்கள் இருந்தன. வடக்கே கம்ப்ரியா மலைகளில் வேறொரு இழப்பும் சேர்ந்தது. அங்கே ஆடுகள் வேலியில்லாத மேட்டில் தங்கள் எல்லையைத் தாமே அறிந்து மேயும். தாய் ஆட்டோடு சுற்றியே குட்டி அதைக் கற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட மந்தைகள் அழிந்த இடங்களில், பணம் கொடுத்து வாங்கிய புது ஆடுகளுக்கு எல்லை தெரியவில்லை. பக்கத்தில் நின்று மடக்கிப் பழக்க வேண்டியிருந்தது.

நடக்க வருபவர்களுக்கு அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது, வாயிலை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட்டுச் செல்லுங்கள் என்பது. மூடியிருந்தால் மூடுங்கள்; திறந்திருந்தால் திறந்தே விடுங்கள். நல்லது செய்வதாக நினைத்து, திறந்திருக்கும் வாயிலைச் சாத்திவிட்டுப் போகும் நகரத்துக்காரர்கள் உண்டு. அந்த வாயில் வழியாகத்தான் ஆடுகள் தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும்.