விளக்கேற்றும் கை

வாரத்தில் 3 நாள்கள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் டயாலிசிஸ் செய்துகொள்ளும் தாய் ஒருவரிடம், வீட்டில் அவருக்கு என்ன குறை என்று கேட்டோம். “மருமகளே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். எனக்கென்று ஒரு வேலையும் இல்லை” என்றார்.

அன்பினால் நேரும் பிழை இது. சோர்ந்துவிடுவாரென அஞ்சி, தாயின் வேலைகளை வாங்கிக்கொள்கிறோம். அவற்றிலிருந்த மகிழ்ச்சியும் உடன் போய்விடுகிறது.

உடனிருந்த மருமகள் மறுநாளே சிலவற்றைத் திருப்பிக் கொடுத்தார். இப்போது மாலை விளக்கை அத்தாயே ஏற்றுகிறார். பேத்திக்குச் சடை பின்னுகிறார். வெள்ளிக்கிழமை படைக்கும் வாழைப்பழத்தையும் தேங்காயையும் அவர் உண்பதில்லை; அவற்றில் பொட்டாசியம் மிகுதி. ஆயினும் பிள்ளைகளுக்குப் பங்கிடுவது அவர் கைதான். “அவர்கள் தின்றால் நான் தின்ற மாதிரிதான்” என்று சிரிக்கிறார். தீர்த்தம் ஒரு கரண்டி மட்டும். அதையும் அன்றைய நீரளவில் சேர்த்துக்கொள்கிறார்.

ஃபிஸ்டுலா உள்ள கையால் பளு தூக்கலாகாது. எவ்வேலைகள் இயலும் என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பின்னர், இன்று மாலை தீப்பெட்டியை உங்கள் தாயிடம் கொடுத்துவிட்டு அருகில் நில்லுங்கள்.