அடுத்த பிள்ளைக்கு நோய் வருமா?

மத்தியப் பிரதேசத்தில் ஒரு கிராமம். அங்கே ஒரு தாய். அவள் மூத்த பிள்ளைக்கு சிக்கிள் செல் நோய். ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்துவிடும். ரத்தசோகை வரும். கை கால் வலி உயிரை வாங்கும்.

"நாலில் ஒன்றுக்கு வரும் என்றார் டாக்டர். ஒன்றுக்கு வந்துவிட்டது. இனி மூன்றுக்கு வராது" என்றாள் மாமியார்.

கணக்கு அப்படி இல்லை.

அம்மாவிடம் நல்லது ஒன்று, குறை ஒன்று இருக்கிறது. அப்பாவிடமும் அப்படியே. இருவருக்கும் நோய் இல்லை. ஆளுக்கு ஒரு காசு சுண்டுவதாக நினையுங்கள். பூ விழுந்தால் பிள்ளைக்குக் குறை போகும். தலை விழுந்தால் நல்லது போகும்.

பூ-பூ, பூ-தலை, தலை-பூ, தலை-தலை. இந்த நாலில் பூ-பூ விழுந்தால்தான் நோய். மருமகளை மட்டும் ஏசுகிறார்களே, நோய் வர இரண்டு காசும் வேண்டும்!

அடுத்த பிள்ளைக்குக் காசு புதிதாக விழுகிறது. போன தடவை விழுந்தது காசுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் அதே நாலில் ஒன்றுதான்.

இரண்டாவது பிள்ளைக்கு நோய் இல்லை. அப்படியானால் பூ-பூவை அடித்துவிடுங்கள். மீதி மூன்று. அதில் இரண்டில் ஒரு பூ இருக்கிறது. ஆகவே அந்தப் பிள்ளை குறையைச் சுமக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உண்டு. ஆளைப் பார்த்தால் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் தெரியும். இதற்கென்றே 2023 ஜூலையில் தேசியத் திட்டம் தொடங்கியது. பிள்ளை வளர்ந்து, குறை இல்லாத ஒருவரை மணந்தால் பூ-பூ விழ வழியே இல்லை.