மூச்சுக்குத் தாளம் போடும் சிலிக்கான் நரம்பு!

மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து உங்கள் நாடியைப் பாருங்கள். மூச்சை மெதுவாக உள்ளே இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும். வெளியே விடும்போது தணியும். பயந்துடாதீங்க, இது கோளாறு இல்லை. நல்ல இதயத்தின் இயல்பே இதுதான். வயது ஏற ஏற இந்த ஏற்ற இறக்கம் குறையும். இதயம் பலவீனமானவர்களுக்கு ரொம்பவே மங்கிவிடும்.

மூச்சையும் இதயத்தையும் இப்படி இணைத்து வைப்பது யார்? மூளையின் அடித்தண்டில் உள்ள நரம்பு செல்கள்தான்.

நரம்பு என்றால் ஏதோ கரண்ட் கம்பி மாதிரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. செல்லின் மேல்சவ்வில் நுண்ணிய கதவுகள் உண்டு. தூண்டுதல் வந்ததும் சோடியம் உள்ளே பாயும். அடுத்து பொட்டாசியம் வெளியேறும். கண் இமைப்பதற்குள் ஒரு மின்துடிப்பு முடிந்துவிடும். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்ற இரு ஆங்கிலேய விஞ்ஞானிகள் கணவாயின் தடித்த நரம்பில் இதை அளந்து, 1952-ல் கணக்காகவே எழுதிக் கொடுத்தார்கள். 1963-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கணக்கு கையில் இருந்தால் சர்க்யூட் செய்யலாமே! 1991-ல் மிஷா மஹோவால்ட், ராட்னி டக்ளஸ் இருவரும் 'சிலிக்கான் நியூரான்' செய்து காட்டினார்கள். கதவுகளின் வேலையை டிரான்சிஸ்டர்கள் பார்த்தன. 2019-ல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகக் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. எலியின் மூச்சை இயக்கும் நரம்பு செல் எப்படித் துடிக்கிறதோ, கிட்டத்தட்ட அச்சு அசலாக அப்படியே துடிக்கும் சில்லு அது! செலவாகும் மின்சாரம் 140 நானோவாட். ஒரு வாட்டை எழுபது லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு.

இதனால் நமக்கு என்ன லாபம் என்கிறீர்களா? அந்தக் குழுவில் இருந்த ஜூலியன் பேட்டனும் நியூசிலாந்தின் ஆக்லாந்து விஞ்ஞானிகளும், இதயம் தளர்ந்த ஆடுகளுக்கு மூச்சோடு இசைந்து துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் பொருத்திப் பார்த்தார்கள். 2022-ல் முடிவு வெளியானது. ஒரே சீராகத் துடிக்க வைத்த ஆடுகளைவிட, இவற்றின் இதயம் வெளியேற்றிய ரத்தம் சுமார் 20 சதவிகிதம் அதிகம்.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால், இதை நம்பி இன்றைய சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதா? கால் வீங்குகிறதா? உடனே இதய டாக்டரைப் பாருங்கள். "சித்த மருந்து சாப்பிடுறேனே, இதய மாத்திரையை நிறுத்திடலாமா?" என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. சித்த மருத்துவனாகவே சொல்கிறேன்: நீங்களாக நிறுத்தவே கூடாது. இரண்டு மருந்துகளையும் இரண்டு மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.