4 வருஷம், 7.5 கோடி டாலர்: ஒரு ரோல் பிளேயரைத் தக்க வெச்சது சரியா?



பாஸ்கெட்பால் ரசிகர்கள் வருஷா வருஷம் ஜூலை மாசம் தவறாம போடுற ஒரு சண்டையைப் பத்தி இன்னைக்குப் பேசலாம். ஸ்டார் பிளேயருக்கு எத்தனை கோடி கொடுத்தாலும் பெருசா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. சண்டை வர்றது அடுத்த வரிசை ஆளுக்கு. பெஞ்சுல இருந்து எழுந்து வந்து 25 நிமிஷம் ஆடி, ரெண்டு மூணு த்ரீ பாயிண்டர் போட்டுட்டுப் போறாரே, அவருக்கு. அவரோட கான்ட்ராக்ட் முடியும்போது "இவரை விட்டா வேற யாரு கிடைப்பா?"ன்னு ஒரு கோஷ்டி, "இவருக்கா இவ்வளவு?"ன்னு இன்னொரு கோஷ்டி.

இதுக்கு நான் எடுத்துக்கற கேஸ் 2016-ல போர்ட்லாந்து ட்ரெயில் பிளேஸர்ஸ் டீமும் ஆலன் க்ராபும். என்பிஏ பாக்காதவங்களும் தாராளமா படிக்கலாம். இதுல ஆட்டம் கொஞ்சம்தான், கணக்குதான் ஜாஸ்தி.

என்ன நடந்தது?

2015 கோடையில போர்ட்லாந்து தன்னோட ஆரம்ப அஞ்சு பேர்ல நாலு பேரை இழந்துச்சு. மிஞ்சினது டேமியன் லில்லர்ட் மட்டும். டீம் அவ்வளவுதான்னு எல்லாரும் முடிவு கட்டினாங்க. ஆனா அந்த சீசன்ல 44 மேட்ச் ஜெயிச்சு, பிளே ஆஃப் முதல் சுற்றுல கிளிப்பர்ஸையும் தாண்டிடுச்சு. (அந்த சீரிஸ் நடுவுல கிளிப்பர்ஸோட கிறிஸ் பாலும் பிளேக் கிரிஃபினும் காயம்பட்டு வெளியே போனாங்க. ஜெயிச்ச சந்தோஷத்துல இதையெல்லாம் யாரு ஞாபகம் வெச்சுக்கறா?)

அந்த டீம்ல க்ராப் ஒரு நல்ல ஷூட்டர். 2013 டிராஃப்ட்ல 31-வதா எடுக்கப்பட்டவர். 2015-16-ல மேட்சுக்கு சராசரி 10.3 பாயிண்ட். அந்த வருஷ சம்பளம் 10 லட்சம் டாலர் கூட இல்ல. கான்ட்ராக்ட் முடிஞ்சதும் ப்ரூக்ளின் நெட்ஸ் அவருக்கு 4 வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 7.5 கோடி டாலர் ஆஃபர் பண்ணுச்சு. முதல் வருஷமே 1.85 கோடி. பழைய சம்பளத்தைப் போல ஏறக்குறைய 20 மடங்கு!

க்ராப் ‘ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட்’. அதாவது வெளியில வேற டீம் என்ன ஆஃபர் கொடுத்தாலும், பழைய டீம் அதே தொகையைத் தர்றேன்னு சொல்லி அவரை நிறுத்திக்கலாம். அப்போ யோசிக்க 3 நாள்தான் டைம் இருந்துச்சு. போர்ட்லாந்து நிறுத்திக்கிச்சு.

அதோட நிக்கல. அதே கோடையில வெளியில இருந்து எவன் டர்னரை 4 வருஷம் 7 கோடிக்குக் கூட்டிட்டு வந்தாங்க. உள்ளே இருந்த மேயர்ஸ் லெனார்டுக்கு 4 வருஷம் 4.1 கோடி, மோ ஹார்க்லெஸுக்கு 4 வருஷம் 4 கோடி. நாலு ரோல் பிளேயருக்கும் சேத்துக் கூட்டுங்க, சுமார் 22.6 கோடி டாலர். இந்தக் கூட்டலைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.

பணம் எங்கிருந்து வந்தது?

என்பிஏ-ல ஒரு டீம் சம்பளத்துக்கு இவ்வளவு செலவு பண்ணலாம்னு ‘சேலரி கேப்’ இருக்கு. 2015-16-ல அது 7 கோடி டாலர். அடுத்த வருஷம் 9.41 கோடி. ஒரே வருஷத்துல 34 சதவீத இன்க்ரிமென்ட்! காரணம், புதுசா போட்ட டிவி ஒப்பந்தம்: 9 வருஷத்துக்கு 2,400 கோடி டாலர். இந்த உயர்வைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தலாம்னு லீக் சொல்லிப் பாத்துச்சு. பிளேயர்ஸ் யூனியன் 2015-லேயே ஒத்துக்கல. அவங்க பக்கம் அது நியாயம்தான், வர்ற காசை எதுக்குத் தள்ளிப் போடணும்?

இதனால அந்த ஒரு கோடையில எல்லா டீம் கையிலயும் காசு. எல்லாரும் ஒரே நேரத்துல கடைக்குப் போனா என்ன ஆகும்? விலை ஏறும். க்ராபோட விலை அவர் திறமையை மட்டும் பாத்து வந்தது இல்ல, ஊர் பூரா போனஸ் வந்த நாள்ல போட்ட விலை அது.

அடுத்த வருஷமும் இப்படியே ஏறும்னு ஒரு நம்பிக்கை இருந்துச்சு. கேப் 10 கோடியைத் தாண்டும்னு பேச்சு. வந்தது 9.91 கோடி. உயர்வு 5 சதவீதம் சொச்சம். சம்பளம் 34 சதவீதம் ஏறின வருஷத்துல நாலு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு, அடுத்த வருஷம் ஏறினது 5 சதவீதம்.

விட்டிருந்தா காசு மிஞ்சியிருக்குமா?

"1.85 கோடியை மிச்சம் பிடிச்சு வேற நல்ல ஆளா வாங்கியிருக்கலாமே?" இதுதான் எதிர்க் கோஷ்டியோட முக்கியமான வாதம். கேக்க சரியாத்தான் இருக்கு. ஆனா என்பிஏ விதி வேற மாதிரி.

கேப்ல இருந்த இடத்தைப் பெருமளவு டர்னருக்கும் ஃபெஸ்டஸ் எசிலிக்கும் ஏற்கனவே செலவு பண்ணியாச்சு. கேப்பைத் தாண்டினாலும் உன்னோட சொந்த ஆளைத் தக்க வெச்சுக்கலாம்னு விதி இடம் கொடுக்குது. அதே தொகைக்கு வெளி ஆளை வாங்க இடம் கொடுக்கல. கம்பெனி கொடுக்கற மீல் கார்டு மாதிரி. அதை சாப்பாட்டுக்கு மட்டும்தான் தேய்க்க முடியும். "சாப்பிடாம இருந்திருந்தா ஷூ வாங்கியிருக்கலாமே"ன்னு கேட்டா அர்த்தம் இல்ல. க்ராபை விட்டிருந்தா போர்ட்லாந்துக்குக் கிடைச்சிருக்கறது காலி நாற்காலியும் ஒரு சின்ன எக்ஸெப்ஷன் தொகையும்தான்.

இதோட மறுபக்கத்துக்கு லேக்கர்ஸைப் பாருங்க. 2021-ல அலெக்ஸ் கரூஸோவை விட்டுட்டாங்க. சிகாகோ 4 வருஷம் சுமார் 3.7 கோடிக்குத் தூக்கிட்டுப் போச்சு. லேக்கர்ஸும் கேப்பைத் தாண்டின டீம்தான், அந்தத் தொகையை வெச்சு அவங்களால வேற யாரையும் வாங்க முடியாது. 2023-ல கரூஸோ ஆல் டிஃபென்சிவ் ஃபர்ஸ்ட் டீம்ல இடம் பிடிச்சார், 2025-ல ஓக்லஹோமா சிட்டியோட சாம்பியனும் ஆனார். விட்டா மிச்சம்னு நினைக்கறது எல்லா நேரமும் மிச்சம் ஆகாதுன்னு இதைவிடத் தெளிவா சொல்ல முடியாது.

அப்போ எங்கே இடிச்சது?

லக்சுரி டாக்ஸ்ல. கேப்புக்கு மேல இன்னொரு கோடு இருக்கு. 2017-18-ல அது 11.93 கோடி. அதைத் தாண்டினா டீம் ஓனர் லீக்குக்கு அபராதம் மாதிரி வரி கட்டணும். நம்ம இன்கம் டாக்ஸ் மாதிரியே ஸ்லாப் உண்டு. ஒரே வித்தியாசம், இங்க வரி வருமானத்துக்கு இல்ல, செலவுக்கு! 2017-18-ல இருந்த ரேட் இது: முதல் 50 லட்சம் டாலருக்கு, டாலருக்கு 1.50. அடுத்த 50 லட்சத்துக்கு 1.75. அதுக்கடுத்து 2.50. அப்புறம் 3.25.

ஒரு டீம் கோட்டை 2 கோடி தாண்டியிருக்குன்னு வெச்சுக்கோங்க. 75 லட்சம், 87.5 லட்சம், 1.25 கோடி, 1.625 கோடி. கூட்டினா 4.5 கோடி டாலர் வரி. அந்த 2 கோடி யாரோட சம்பளமோ, அவருக்கு உண்மையில ஆகற செலவு 6.5 கோடி. அடக்க விலையே மூணு மடங்குக்கு மேல!

க்ராபோட 2017-18 சம்பளம் 1.93 கோடி. 2016-17-ல அவர் ஒண்ணும் மோசமா ஆடல. 44.4 சதவீத த்ரீ பாயிண்ட், லீக்லயே இரண்டாவது இடம். ஆனா டீம் 41 ஜெயிப்பு, 41 தோல்வி, முதல் சுற்றுல வாரியர்ஸ்கிட்ட 4-0. இந்த ரிசல்ட்டுக்கு மூணு மடங்கு செலவு எந்த ஓனருக்கு மனசு வரும்? ஓனர் பால் ஆலன், மைக்ரோசாஃப்ட்டை ஆரம்பிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தர். அந்த மனுஷனுக்கே வரல.

2017 ஜூலையில க்ராபைத் தள்ளி விட்டாங்க. யாருக்குத் தெரியுமா? அதே ப்ரூக்ளினுக்கு! ஆஃபரை மேட்ச் பண்ணி நிறுத்தின ஆளை, ஆஃபர் கொடுத்த டீமுக்கு ஒரு வருஷம் வரைக்கும் டிரேட் பண்ணக் கூடாதுன்னு விதி. வருஷம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல அனுப்பியாச்சு. பதிலுக்கு வந்தவர் ஆண்ட்ரூ நிக்கல்சன். அவரையும் ஆடவிடாம ரிலீஸ் பண்ணி, அவருக்குத் தர வேண்டிய மூணு வருஷ பாக்கியை ‘ஸ்ட்ரெச்’ பண்ணாங்க. மீதி வருஷத்தை ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டணும்: 3 வருஷம், 7 வருஷம் ஆகும். கிட்டத்தட்ட 2 கோடி டாலர் பாக்கி, வருஷத்துக்கு சுமார் 28 லட்சம்னு 2023-24 வரைக்கும் இழுத்துச்சு. போர்ட்லாந்துக்காக ஒரு நிமிஷம் கூட ஆடாதவருக்கு ஏழு வருஷ இஎம்ஐ! 2023 செப்டம்பர்ல லில்லர்டே மில்வாக்கிக்குப் போயிட்டார். அப்பவும் நிக்கல்சன் பேர் கணக்குல ஓடிட்டு இருந்துச்சு.

என்னோட கணக்கு

க்ராபைத் தக்க வெச்சது தனியா பாத்தா தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். டர்னர், லெனார்ட், ஹார்க்லெஸ், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ஒரு நியாயம் சொல்லலாம். தப்பு எங்கன்னா, நாலையும் ஒரே கோடையில, நாலையும் நாலு வருஷத்துக்கு, ஒரே ஒரு நல்ல சீசனை நம்பிப் போட்டது. ரசிகர்கள் ஒவ்வொரு கான்ட்ராக்டையும் தனித்தனியா வெச்சு சண்டை போட்டாங்க. டாக்ஸ் ஸ்லாப் தனித்தனியா பாக்காது, மொத்தத்தைத்தான் பாக்கும். அந்த 22.6 கோடி கூட்டலைத்தான் முதல் நாளே யாராவது போட்டிருக்கணும்.

போர்ட்லாந்துக்கு நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2018-19-ல அவங்க 53 மேட்ச் ஜெயிச்சு வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் ஃபைனல் வரைக்கும் போனாங்க. கடைசி மேட்ச்ல லெனார்ட் 30 பாயிண்ட் அடிச்சார். அப்புறம் லெனார்ட், ஹார்க்லெஸ் கான்ட்ராக்டைக் கொடுத்து ஹசன் ஒயிட்சைடை வாங்கினாங்க, டர்னரைக் கொடுத்து கென்ட் பேஸ்மோரை வாங்கினாங்க. என்பிஏ-ல டிரேட் பண்ண ரெண்டு பக்க சம்பளமும் ஏறக்குறைய ஒத்துப் போகணும், அதனால விலை ஜாஸ்தியான கான்ட்ராக்ட் கூட ஒரு விதத்துல கரன்சிதான். ஆனா எப்பவும் இல்ல. ப்ரூக்ளின் 2019-ல க்ராபை அட்லாண்டாவுக்கு அனுப்பும்போது கூடவே ரெண்டு முதல் சுற்று டிராஃப்ட் பிக்கையும் சேத்துக் கொடுத்துச்சு. ஆசைப்பட்டு வாங்கினவங்களே கைக்காசு போட்டு அனுப்ப வேண்டிய நிலைமை.

உங்க சேலரி ஸ்லிப்புக்கு வருவோம்

கம்பெனி மாறி 30 சதவீதம் ஹைக் வந்த வருஷம்தான் பைக் கார் ஆகும், வாடகை வீடு பெருசாகும், போன் நோ காஸ்ட் இஎம்ஐ-ல வரும், கல்யாணத்துக்கு பர்சனல் லோன் போடுவோம். ஒவ்வொண்ணையும் தனியா கேட்டா, "மாசம் 9 ஆயிரம்தானே, சமாளிக்கலாம்"னுதான் பதில் வரும். பேங்க் இப்படி பாக்காது. உங்க மாச வருமானத்துல எல்லா நிலையான கடன் தவணையும் சேந்து எத்தனை சதவீதம்னு ஒரு கணக்கு போடும். பொதுவா 40-50 சதவீதத்துக்கு மேல போனா யோசிக்கும். பேங்க் பார்க்கற அதே தாளை நீங்களும் ஒருவாட்டி போட்டுப் பாருங்க, வாடகையையும் சேத்து. அடுத்த வருஷ ஹைக் 5 சதவீதம்னு வெச்சுப் போடுங்க, 30-னு இல்ல.

உங்களுக்கும் போர்ட்லாந்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உங்க இஎம்ஐ-யை ப்ரூக்ளின் வாங்கிக்காது. அதனால கையெழுத்துக்கு முன்னாடியே வெளியே வர்ற வழி என்னன்னு பாருங்க. ஃப்ளோட்டிங் ரேட் ஹோம் லோனை முன்கூட்டியே அடைச்சா தனிநபர்கிட்ட பேங்க் அபராதம் வாங்கக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. பர்சனல் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் ரேட், அதுல ஃபோர்குளோஷர் சார்ஜும் அதுக்கு மேல ஜிஎஸ்டியும் வரும். தவணையைக் குறைக்க வருஷத்தை நீட்டிக் கொடுக்கறேன்னு சொன்னா, மாசத் தொகையைப் பாக்காம மொத்த வட்டியைக் கேளுங்க. நிக்கல்சனுக்காவது வட்டி இல்லாம இழுத்தாங்க.

இந்தக் கணக்கை எக்செல்ல போடறது எப்படின்னு அடுத்த வீடியோவுல ஸ்க்ரீன்ல காட்டறேன். உங்க லோன் சாங்ஷன் லெட்டரைக் கையில எடுத்து வெச்சுக்கோங்க, ஃபோர்குளோஷர் வரி எந்தப் பக்கத்துல இருக்குன்னு முன்னாடியே தேடி வெச்சா நேரம் மிச்சம்.