105 ஆண்டு நீரில், 25 ஆண்டு கரையில்

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில், கிரீன் பே பகுதியில், 1864 ஜூன் 29 அன்று அடித்த சூறைக்காற்றில் ‘ஆல்வின் கிளார்க்’ என்ற இரட்டைப் பாய்மரக் கப்பல் கவிழ்ந்தது. இருந்தவர்கள் 5 பேர்; பிழைத்தவர்கள் 2. 1967-இல், எதிலோ சிக்கிய மீன்வலையை விடுவிக்க இறங்கிய முக்குளிப்பவர்கள் 110 அடி ஆழத்தில் அதைக் கண்டார்கள். 1969-இல் கம்பிவடம் கட்டித் தூக்கினார்கள். உள்ளிருந்த தண்ணீரை இறைத்ததும், 1840-களில் கட்டிய அந்தக் கப்பல் தானாகவே மிதந்தது. குளிர்ந்த நன்னீர், கப்பற்புழு இல்லை. 105 ஆண்டு ஏரி அதைக் காப்பாற்றியிருந்தது. கரையில் பராமரிக்கப் பணமில்லை. மரம் காய்ந்து, சுருங்கி, உளுத்தது. 1994-இல் புல்டோசர் வைத்து உடைத்து அள்ளிவிட்டார்கள்.

பழைய மீட்பாளர்கள் பெரும்பாலும் விலைபோவதை மட்டும் எடுத்தார்கள். 1628-இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய ‘வாசா’ போர்க்கப்பலின் 64 பீரங்கிகளில் 50-க்கும் மேற்பட்டவற்றை 1660-களிலேயே முக்குளிப்பு மணியில் இறங்கி எடுத்துவிட்டார்கள். 1961-இல் கப்பலும் மேலே வந்தது. ஊறிய மரத்தின் செல்களுக்குள் தண்ணீர்தான் முட்டுக்கொடுத்து நிற்கிறது. அது வற்றினால் செல் நசுங்கும். அதனால் தண்ணீருக்குப் பதில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் ஏற, 17 ஆண்டு தெளித்தார்கள். அதன்பிறகும் இரும்புத் துருவும் கந்தகமும் சேர்ந்து மரத்துக்குள் அமிலமாயின. 5,000-க்கும் மேற்பட்ட இரும்பு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள்.

இந்தக் கணக்கு நமக்கு எதற்கு? கேரளத்தின் சேர்த்தலை தாலுகாவில் தைக்கல் என்ற ஊரில், ஒருகாலத்தில் காயலாக இருந்த நிலத்தில், 2002-03-இல் ஒரு பாய்மரப் படகை அகழ்ந்தார்கள். நீளம் 18 மீட்டருக்கு மேல், தட்டையான அடி, இரண்டு பாய்மரம். இடைக்காலத்துக் கேரளத்தின் கப்பல்கட்டும் கைவண்ணத்துக்கு இது நேரடியான சான்று. பலகைகளைப் பிணைத்திருந்தது கயிறல்ல, இரும்பாணி. அதாவது வாசாவைப் பிடித்த அதே நோய்க்கு இதிலும் இடமுண்டு. நம் வெயில் அதற்கு மேல்.

கூலி, பம்ப்செட், பந்தல் என்று அகழ்வுச் செலவை மட்டும் எழுதும் திட்டம் மாநிலத் தொல்லியல் துறையில் ஏற்கப்படக் கூடாது என்பேன். தொட்டி, மருந்து, மின்சாரம், வேதியியலாளர் சம்பளம் எல்லாம் 20 ஆண்டுக்கு, தனித் தலைப்பில், முதல் மண்வெட்டி விழுமுன் ஒதுக்கப்பட வேண்டும். அது கைக்கு வரும்வரை, காயலோரத்தில் இன்னொரு படகு தென்பட்டால், அளந்து, வரைந்து, படமெடுத்து, ஈரம் காயுமுன் அதே சேற்றால் மூடிவிடுங்கள்.