மேட்டிலே இறங்கித் தள்ள வேண்டுமா?

சைக்கிளில் போகும்போது மேடு வந்தால் என்ன செய்வோம்? இறங்கித் தள்ளுவோம். பிரான்ஸ் நாட்டில் ஒருவர் இதற்கு வழி தேடினார்.

அவர் போல் த விவி (1853 - 1930). "வெலோசியோ" என்ற புனைபெயரில் சைக்கிள் சஞ்சிகை நடத்தியவர். சென்ற் எத்தியேன் நகருக்கு அருகே, ஊசியிலைக் காடுகள் அடர்ந்த பிலா மலை இருக்கிறது. அங்குள்ள 1161 மீற்றர் உயரமான ரிபப்ளிக் கணவாய்க்கு அவர் அடிக்கடி ஏறுவார்.

அவர் வற்புறுத்தியது கியரைத்தான். சிறிய கியரில் கால் கூடுதலாகச் சுழலும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் பாரம் குறையும். நேரம் சற்றுக் கூடும், அவ்வளவுதான். 'டூர் த பிரான்ஸ்' போட்டியைத் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்சுக்கோ இது பிடிக்கவில்லை. கியர் மாற்றுவது வயதானவர்களுக்குரியது என்றார். அப்போட்டியில் சங்கிலி மாறும் கியருக்கு 1937இல்தான் அனுமதி கிடைத்தது! வீரம் பேசுவோர் பேசட்டும். ஏறுபவருக்கல்லவா மூச்சு வாங்குகிறது?

பசிக்குமுன் சிறிது உண்ணுங்கள், களைக்குமுன் இளைப்பாறுங்கள், வீம்புக்கு மிதிக்காதீர்கள் என்பதும் அவர் சொன்ன புத்திதான்.

பெருந்தெருவை விட்டு விலகினால் பிலாவின் சிறு தெருக்களில் வாகன இரைச்சல் குறைவு. மர நிழலில் சங்கிலிச் சத்தம்கூடக் காதில் விழும். அவர் பெயரால் அந்தக் கணவாய்க்கு ஏறும் விழா 1922இல் ஆரம்பமானது. அதில் முதியோரும் பெண்களும் பிள்ளைகளும் இறங்கித் தள்ளாமல் மெல்ல மெல்ல ஏறியிருக்கிறார்கள்.